அடக்கமான புள்ளையும் கொதி மிஸ்ஸும்

பெரியநீலாவணையிலிருந்து காரைதீவுச் சந்தி வரைக்கும், நேர்சரி வயசில புள்ள வச்சிருந்து கொதி மிஸ்ஸிட்ட ஏச்சு வாங்காத உம்மா வாப்பா ஒருத்தரும் இல்ல. நான் வாங்கல்ல எண்டு ஆரும் சொன்னால், ஒண்டு அவர் அந்த நேரம் வெளிநாட்டில இருந்திருக்கணும், இல்லாட்டிப் பொய் சொல்றார். வெளிநாட்டில இருந்த ஆக்களையும் அவ விட்டு வைக்கல்ல. கட்டாரில கிடந்த ஒரு வாப்பாவுக்கு வட்ஸப்பில ஏழு நிமிச வொய்ஸ் அனுப்பி ஏசினவ. அந்த மனிசன் அதை வேலைத்தளத்தில சத்தமாப் போட்டுக் கேட்டு, கூட வேலை செய்த நாலு வாப்பாமாரும் சேர்ந்து அழுததாகக் கேள்வி.

அவட சொந்தப் பேர் சம்பளத் தாளில இருந்திருக்கும். எங்களுக்கு அவ கொதி மிஸ். மற்றப் பக்கத்து ஆக்களுக்காகச் சொல்றன், எங்கட ஊரில கொதி எண்டால் கோவம். அவட கோவம் அடுப்பில வச்ச தண்ணி மாதிரி மெல்ல மெல்லச் சூடாகிற கோவமில்ல. கேட்டைத் திறக்கக்குள்ளயே கொதிச்சுக்கிட்டுத்தான் வருவா.

அவட வேலை என்ன தெரியுமா? நேர்சரிப் புள்ளைகள்ர வீடுகளுக்குப் போய், புள்ள நல்லா வளர உம்மாவும் வாப்பாவும் வீட்டில என்ன செய்யலாம் எண்டு அன்பாகவும் பொறுமையாகவும் விளங்கப்படுத்துறது. "அன்பாகவும் பொறுமையாகவும்" எண்டது அவட நியமனக் கடிதத்தில உள்ள சொல். அந்தக் கடிதத்தை அவ ஒரு தரத்துக்கு மேல வாசிக்கல்ல எண்டு நினைக்கிறன். ஆனால் ஒண்டு சொல்லணும். கொதிச்சதெல்லாம் பெரிய ஆக்களோடதான். புள்ளைகளோட அவ குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்ல.

கறுப்பு அபாயா, கையில ஆம்பிளைக் குடை, தோளில ஒரு சாக்குத்துணிப் பை. பஸ்ஸில வந்து இறங்கி ஒழுங்கை ஒழுங்கையா, சந்து சந்தா நடப்பா. கேட்டில குடைப்பிடியால மூண்டு தட்டு. அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள்ள டீவி நிற்கும், போன் தலகாணிக்குக் கீழ போகும், எங்கயோ கிடந்த கதைப்புத்தகம் ஒண்டு ஓடி வந்து புள்ளட மடியில உக்காரும். தலைகீழாத்தான் உக்காரும். ரோட்டில பொலிஸ் நிண்டால் எதிரில வாறவன் லைட் அடிச்சுக் காட்டுவானே, அது மாதிரி வீட்டுக்கு வீடு பொம்புளைகள் போன் கோல் எடுப்பாங்க. "மிஸ் இறங்கிட்டா, எங்கட ஒழுங்கைக்குத்தான் வாறா, அல்லாஹ்வே, வீட்டக் கூட்டவும் இல்லகா!"

அலுமாரிக் கதையைக் கேளுங்க. சாய்ந்தமருதில ஒரு வீடு. வாப்பா வெளிநாடு. லீவில வரக்குள்ளயெல்லாம் மகனுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டு வருவார். கார், ரெயில், கீ குடுத்தால் நடக்கிற ஒட்டகம். எல்லாம் ஹோலில உள்ள கண்ணாடி அலுமாரிக்குள்ள, பொலித்தீன் உறையும் கழட்டாம, வரிசையா நிற்கும். அலுமாரி பூட்டு.

கொதி மிஸ் அந்த அலுமாரிக்கு முன்னால போய்க் குனிஞ்சா. கண்ணாடியில ரெண்டடி உயரத்தில வட்டமா ஒரு மங்கல்.

"இதென்ன அடையாளம்?"

"அது மகன்ட மூக்கு மிஸ். நாளாந்தம் துடைக்கத்தான் செய்யிறன், திரும்பவும் வந்து ஒட்டிட்டு நிக்கான்."

அவ்வளவுதான்.

"சாவி எங்க?"

"அவர் வந்துதான் மிஸ் திறக்கிற. உடைச்சுப் போடுவான்."

"உடைக்கட்டும்! உடைச்சு உள்ளுக்க என்ன இரிக்கெண்டு பாக்கட்டும்! இல்லாட்டி ஒண்டு செய்யிங்க. புள்ளையையும் கழுவித் துடைச்சிப் பொலித்தீனால சுத்தி உள்ளுக்க வச்சிப் பூட்டுங்க. வாற போற ஆக்களுக்குக் காட்டலாம். சாவியத் தாறீங்களா, குடையால கண்ணாடிய உடைக்கவா?"

சாவி வந்தது. ஒட்டகம் நடந்தது. கால் மணித்தியாலத்தில ஒட்டகத்துட ஒரு காலும் போனது. மிஸ் அதோட நிற்கல்ல. குசினிக்குள்ள போய்ப் பானை மூடி, அகப்பை, சுளகு எல்லாத்தையும் அள்ளிக் கொண்டு வந்து நடு ஹோலில கொட்டினா. "வெளிநாட்டிலயிருந்து கப்பல் வரத் தேவையில்லகா. மூடியச் சின்னது பெரிசு பாத்து அடுக்கச் சொல்லு. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கலந்து குடுத்துப் பிரிக்கச் சொல்லு. நீ பக்கத்துல இரி. கதச்சிக்கிட்டு இரி. புள்ளைக்கு ஆகப் பெரிய விளையாட்டுச் சாமான் நீதான்."

அடுத்தது இடக்கைக்காரர். எங்கட மருதமுனையில தறி வச்சிருக்கிற ஒரு காக்கா, அண்ணன் முறை எண்டு வைங்க. அவருட மூண்டரை வயசு மகனுக்கு நேர்சரியில ஒரு கொப்பி முழுக்க "அ" எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. மூண்டரை வயசுக்கு ஒரு கொப்பி! புள்ள பென்சிலைக் கடிச்சுத் துப்பிட்டு ஓடிட்டான். மானம் போகக்கூடாது எண்டு வாப்பா இருந்து இடக்கையால எழுதி முடிச்சிட்டார். கோணல் மாணலாக் கிடந்தால் புள்ள எழுதின மாதிரித்தானே.

மிஸ் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பாத்தா. பிறகு பென்சிலை வாப்பாட இடக்கையில வச்சா.

"ஒரு அ எழுதுங்க காக்கா."

பாவம், எழுதினார். அச்சு அசல்.

"மாஷா அல்லாஹ்! நாளைக்கே யூனிபோம் தைக்கக் குடுங்க. நேர்சரிக்கு நீங்க போங்க, புள்ள வீட்டில இரிந்து மண் விளையாடட்டும்."

அந்தக் கையோட நேர்சரிக்கும் போய் ஒரு பாட்டம் குடுத்தா. "இது விரலா, ஈர்க்கிலா? பிஞ்சு விரலுக்குள்ள பென்சிலத் திணிக்கிறீங்களே! முதல்ல மா பிசையட்டும், மண் அள்ளட்டும், துணி புழியட்டும். விரலுக்குப் பெலம் வந்தா எழுத்து தன்னால வரும்."

இதெல்லாம் மற்றவங்கட வீட்டுக் கதை. நான் வகுப்பில சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதை. என்ட கேட்டிலயும் அந்தக் குடை தட்டிச்சு.

நான் கணக்கு மாஸ்டர். ஓஎல் புள்ளைகளுக்கு டியூஷன். விடிய ஒரு பெட்ஜ், பகல் ஒரு பெட்ஜ், பின்னேரம் ரெண்டு. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் ஊரான் வீட்டுப் புள்ளைகளுக்குத் தொண்டை கிழியக் கத்திப்போட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கு ஒரு சொல்லுக்கும் தெம்பிருக்காது. என்ட மகன் அனஸுக்கு அப்ப மூண்டே முக்கால் வயசு. "உம்மா" எண்டுவான். "தா" எண்டுவான். மற்றதெல்லாம் கைகாட்டுறதும் முனகுறதும்தான். போனைக் கையில குடுத்தால் அதுவும் இல்ல. காலையில குடுத்தால் பகலைக்குச் சாஜ் இறங்கும் வரைக்கும் இருந்த இடத்தில இருப்பான்.

எங்கட சொந்தக்காரங்களுட்ட விளக்கத்துக்குப் பஞ்சமே இல்ல. "ஆம்பிளப் புள்ள சுணங்கித்தான் கதைக்கும்." "இவன்ட சாச்சா அஞ்சு வயசிலதான் வாய் திறந்தவன், இப்பப் பாரு, ஆரும் வாயடைக்க ஏலா." ஆகச் சிறந்தது என்ட மச்சான் சொன்னது. "மாஸ்டருட புள்ளதானே, மனசுக்குள்ள கணக்குப் போடுறான் போல." நானும் தலையாட்டிக்கொண்டு இருந்தன். என்ட தலையில எவனாவது செருப்பால அடிச்சிருக்கணும்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிஞ்சு, சோறு திண்டு, கண் அயருற நேரம். டொக், டொக், டொக்.

மிஸ் உள்ள வந்து, கதிரையைத் தள்ளிப்போட்டு நிலத்தில இருந்தா. என்ட மனைவி நஸ்ரின் தேத்தண்ணி கொண்டு வந்து வச்சா. மகன் மூலையில போனோட.

"மகன் என்ன செய்யிறார்?"

"போன் பாக்கான் மிஸ். ஒரு கரச்சலும் இல்ல" எண்டன்.

"கதைப்பாரா?"

"குறைவு மிஸ்." கொஞ்சம் பெருமையாவே சொன்னன். "அடக்கமான புள்ள."

கொதி மிஸ் சடாரெண்டு எழும்பினா. சால்வையை இழுத்துத் தலையில சரியாப் போட்டா. முகம் செத்த வீட்டு முகமா மாறினது.

"இன்னாலில்லாஹி! ஆரு மௌத்து?"

"என்ன மிஸ்?"

"அடக்கம் எண்டீங்களே. ஆரு மௌத்து? எத்தன மணிக்கு அடக்கம்? எந்தப் பள்ளியில தொழுக?"

"மிஸ், நான் சொன்ன அடக்கம்..."

"எனக்குத் தெரிஞ்ச அடக்கம் ஒண்டுதான் மாஸ்டர். பள்ளி ஸ்பீக்கரில சொல்லுவாங்களே, அது. மையவாடியில கிடக்கிற ஆக்கள்தான் ஒருத்தருக்கும் கரச்சல் குடுக்கிறல்ல! இந்த வயசுப் புள்ள ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்டு உங்கட மண்டைய ஓட்ட போடணும். உசிரோட இரிக்கிற புள்ளைய ஏன் மாஸ்டர் அடக்கம் பண்ணுறீங்க?"

நஸ்ரின் அழத் தொடங்கிட்டா. எனக்குக் கண் மண் தெரியல்ல. என்ட வீட்டுக்குள்ள வந்து, என்ட தேத்தண்ணியக் குடிச்சிட்டு, என்ட புள்ளையையும் மையவாடியையும் ஒரே மூச்சில கதைக்கிறதா?

"வெளியே போங்க மிஸ்!"

"போறன்" எண்டா அவ. குடையை எடுத்துக்கிட்டுக் கேட்டடி வரைக்கும் போய்த் திரும்பினா. "ரெண்டு விசயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் புள்ளட காதச் செக் பண்ணுங்க. வெக்கப்படாதீங்க, நீங்க வெக்கப்பட்டு இரிக்க இரிக்க அவர்ர காலம் போகுது. ரெண்டாவது, நீங்க கணக்கு மாஸ்டர்தானே? ஒரு நாளைக்கு இந்தப் புள்ளையோட எத்தன சொல்லு கதைக்கிறீங்க எண்டு எண்ணிப் பாருங்க."

அண்டைக்கு அஸருக்கு முந்தியே முறைப்பாடு எழுதி முடிச்சிட்டன். ரெண்டு பக்கம், ஏழு பந்தி, ஒவ்வொரு பந்திக்கும் நம்பர். கேத்திரகணித நிறுவல் மாதிரி, "ஆகவே மேற்படி உத்தியோகத்தர் இப்பணிக்குப் பொருத்தமற்றவர்" எண்டு முடிச்சன். அடுத்த நாள் பதிவுத் தபாலில அவட மேலிடத்துக்கு அனுப்பினன். நெஞ்சு குளிர்ந்தது.

பிறகு எண்ணினன். நல்ல எண்ணத்தில இல்ல. அவ சொன்னது பிழை எண்டு காட்டத்தான் எண்ணினன். விடியத் தொடக்கம் மகனோட நான் கதைச்ச ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில எழுதினன். எழும்பு. இரி. தின்னு. தொடாத. பொத்து. படு.

ஆறு. சில சொல்லை ரெண்டு தரம் சொல்லியிருந்தன், அவ்வளவுதான் வித்தியாசம். "பொத்து" எண்டது வாயை. ஆறும் ஏவல். ஒரு கேள்வி இல்ல, ஒரு பேச்சு இல்ல, அவன்ட பேரைக்கூட நான் சொல்லியிருக்கல்ல. சமன்பாடு விளங்காத ஊரான் புள்ளைக்கு ஒரே விசயத்தைப் பத்துத் தரம் பத்து விதமாச் சொல்லுவன். என்ட புள்ளைக்கு ஆறு சொல்லு. அந்தக் கொப்பியைக் கிழிச்செறிஞ்சன். மிஸ்ஸில உள்ள கொதி என்ட பக்கம் திரும்பிட்டுது. இப்ப எழுதக்குள்ளயும் பத்திக்கிட்டுத்தான் வருது.

ஆஸ்பத்திரிக்குப் போனம். ரெண்டு தரம் போனம். காது நல்லாக் கேக்குது எண்டாங்க. கேட்டதும் சந்தோசப்படணுமே, எனக்கு இன்னும் கலக்கம்தான் வந்தது. காதில குறை இருந்தால் அது அல்லாஹ்ட நாட்டம். இது என்ட வேலை.

ரெண்டு கிழமையில மிஸ் திரும்பவும் வந்தா. நான் வெளியே போகச் சொன்னது நடக்காத மாதிரி வந்தா. முறைப்பாடு அவ கைக்கு இன்னும் போகல்ல, அது ஏதோ ஒரு மேசையில நித்திரை.

"காதுல பிரச்சினை இல்லையாம் மிஸ்" எண்டா நஸ்ரின்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்பக் காது இரிக்கி, கேக்கத்தான் வீட்டில ஒண்டும் இல்ல." குசினிக்குள்ள போய் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்து என்ட மூக்குக்கு நேர நீட்டினா. "சட்டியில இரிந்தாத்தான் மாஸ்டர் அகப்பையில வரும். நீங்க சட்டியில ஒண்டும் போடல்ல. போடுங்க. குளிப்பாட்டக்குள்ள கதைங்க, மோட்டார் சைக்கிள் கழுவக்குள்ள கதைங்க, கடைக்குப் போகக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதைங்க. போனை அவர் கண்ணில படாம வைங்க, உங்கட போனையும் சேத்துத்தான் சொல்றன். ஒரு கேள்வி கேட்டா வாய மூடிக்கிட்டுப் பத்து எண்ணுங்க. நீங்களே பதில் சொல்லிராதீங்க. மாஸ்டர்மாருக்கு அந்த வியாதி இரிக்கி."

நானும் தொடங்கினன். வெக்கக் கேடு. மோட்டார் சைக்கிள் டேங்கில மகனை வச்சுக்கொண்டு ஊருக்குள்ளால கத்திக்கொண்டு போவன். "அந்தா பாரு மகன், மாடு. மாடு என்ன செய்யிது? போஸ்டர் தின்னுது. தறிச் சத்தம் கேக்குதா? சடக்கு சடக்கு." கடற்கரையில கரைவலை மீன் வாங்கப் போய், "இது என்ன மீன் மகன்?" எண்டு கேட்டுப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு பத்து எண்ணுவன். நான் பேசாம முறைச்சுக்கொண்டு நிற்கிறதைப் பாத்து, விலை பிடிக்கல்ல எண்டு நினைச்சு, எட்டு எண்ணக்குள்ள மீன்காரக் காக்கா தன்பாட்டில விலையைக் குறைச்சார். மகன் மட்டும் வாய் திறக்கல்ல.

"மாஸ்டருக்குப் பிசகிட்டுதாம், தனியக் கதைச்சிக்கிட்டுத் திரியிறாராம்" எண்டு ஊரில கதை பரவினது. மச்சான் வந்து, அக்கரைப்பற்றில ஒரு ஆள் நல்லா ஓதிப் பாப்பார், போவமா எண்டு கேட்டான். புள்ளைக்காகத்தான் கேட்கிறான் எண்டு நினைச்சன். இல்ல, எனக்காம்.

ஒரு மாசம் போனது. நாப்பது நாள் போனது. ஒரு சொல்லும் கூடல்ல. நஸ்ரின் குசினிக்குள்ள இருந்து அழுவா, நான் கேட்காத மாதிரி இருப்பன். உண்மையைச் சொல்றன், எனக்குப் பயம். நாளைக்கு இவன் ஸ்கூலுக்குப் போகணும். பசிக்குது எண்டு சொல்லத் தெரியாத புள்ள, அடிச்சவனைச் சொல்லத் தெரியாத புள்ள, முப்பது புள்ளைகளுக்கு நடுவில என்ன செய்வான்? எனக்குப் பயம் வந்தால் அது கோவமாத்தான் வெளிய வரும். எங்கட வாப்பாவும் அப்படித்தான்.

அந்தக் கோவத்தைக் கொட்ட மிஸ் தானே வந்து மாட்டினா. மூண்டாம் தரம் வந்து இருக்கவும் இல்ல, நான் தொடங்கிட்டன்.

"நாப்பது நாள் மிஸ்! விசரன் மாதிரிக் கதைக்கிறன்! ஊரெல்லாம் சிரிக்கி! என்ன நடந்தது? ஒண்டுமில்ல!"

"நாலு வருசம் பொத்திக்கிட்டு இரிந்திட்டு நாப்பது நாளில கூலி கேக்கிறீங்களா? வெதச்ச அண்டைக்கே வெட்ட எந்த வயலில ஏலும்?"

"கண்டறியாத வயல் கதை கதைக்காதீங்க!"

"கதைப்பன்! புள்ள கதைக்கும் வரைக்கும் நான் கதைப்பன்!"

ரெண்டு பேரும் எழும்பி நிண்டு கத்துறம். பக்கத்து வீட்டுத் தறியும் நிண்டுட்டுது, கேட்கிறதுக்கு. அப்ப மகன் மூலையில இருந்து எழும்பி வந்தான். என்ட சாரனைப் பிடிச்சு இழுத்தான். அண்ணாந்து பாத்தான். விரலை எடுத்து உதட்டில வச்சான்.

"வாப்பா. பொத்து."

நான் குனிஞ்சு அவன்ட முகத்தைப் பாத்தன்.

"வாப்பா, பொத்து!" எண்டான் திரும்பவும். எனக்கு விளங்கல்ல எண்டு நினைச்சான் போல.

கொதி மிஸ்ஸுட குடை கீழ விழுந்தது. அவ அப்படியே நிலத்தில இருந்து, ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டா. அழுறாவா சிரிக்கிறாவா எண்டு தெரியல்ல. "ரெண்டு சொல்லு! சேத்துச் சொல்லிட்டான் மாஸ்டர்! ஆளையும் கூப்பிட்டு வேலையையும் சொல்லிட்டான்! யா அல்லாஹ், வசனம்! வசனம்!"

"அது ஏவல் மிஸ்" எண்டன்.

"ஏவலோ கீவலோ, வசனம்!"

நஸ்ரின் ஓடி வந்து மகனைத் தூக்கிக் கொஞ்சினா. நான் நிண்ட இடத்தில நிண்டன். நாப்பது நாளா மாடு, மீன், மழை, தறி எண்டு எத்தனை நல்ல சொல்லுச் சொன்னன்! அதில ஒண்டையும் எடுக்காம, அவன் பிறந்ததிலிருந்து நான் குடுத்த ஆறு சொல்லில ஒண்டைத் தூக்கி என்ட முகத்தில எறிஞ்சிருக்கான். செருப்படி எண்டால் இதுதான். ஆனால் அந்தச் செருப்பைத் தங்கத்தால செய்து தலையில வச்சுக்கொண்டு ஊர்வலம் போகலாம் போல இருந்தது. மிஸ் எழும்பிக் கண்ணைத் துடைச்சா. "முந்திப் போட்ட வித முதல்ல முளைக்கும் மாஸ்டர். இப்பப் போடுறது பொறகு முளைக்கும், பாருங்க" எண்டா. அதை மட்டும் மெல்லமாச் சொன்னா.

முளைச்சது. பிறகு அடைமழை. விடியக் கண் முழிக்கிறதில இருந்து என்ன, ஏன், எங்க, ஆரு. சோறு ஏன் வெள்ளை? கடலுக்கு ஆரு தண்ணி ஊத்தின? பள்ளி மோதினாருக்குத் தாடி ஏன் சிவப்பு? இதை மோதினாருட்டயே கேட்டான்.

அந்த நேரம் பாத்துத்தான் என்ட முறைப்பாடு நித்திரை விட்டு எழும்பினது. எட்டு மாசத்துக்குப் பிறகு ஒரு கடிதம். "தங்களின் முறைப்பாடு தொடர்பான விசாரணைக்குச் சமூகமளிக்கவும்." நான் மறந்தே போயிருந்தன். மகனைக் கையில பிடிச்சுக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினன், சாட்சி இவன்தான் எண்டு.

விசாரணை செய்த சேர் மெல்லக் கதைக்கிற மனிசன். மேசைக்கு ஒரு பக்கம் கொதி மிஸ். கதிரையில இருந்தா. அவ கதிரையில இருந்து நான் கண்டது அண்டைக்குத்தான். கை ரெண்டையும் மடியில வச்சு, நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தா. சேர் என்ட ஏழு பந்தியையும் சத்தமா வாசிச்சார். ஒவ்வொரு நம்பருக்கும் எனக்கு மேசைக்குக் கீழ போகலாம் போல இருந்தது.

"இந்த உத்தியோகத்தர் உங்கட வீட்டில வந்து, ஆரு மௌத்து எண்டு கேட்டது உண்மையா மாஸ்டர்?"

"உண்மை சேர். கேட்டது சரி. நான் எழுதினதுதான் பிழை. கடிதத்தைத் திருப்பித் தாங்க."

"அப்பிடித் தர ஏலா மாஸ்டர். ஃபைல் திறந்தாச்சு. உங்கடது மட்டுமில்ல, இன்னும் ரெண்டு முறைப்பாடு இரிக்கி. ஒண்டு அலுமாரி விசயம். மற்றது, ஒரு தகப்பனை யூனிபோம் தைக்கச் சொன்ன விசயம்."

பாருங்க எங்கட ஆக்களை! கால் போன ஒட்டகத்தோட அந்தப் புள்ள எவ்வளவு விளையாடியிருப்பான்! ஊருக்குள்ள கதை விட்டுச் சிரிக்கவும் அவ வேணும், மேலிடத்துக்கு எழுதிப் போடவும் அவ வேணும். அவங்களை ஏச எனக்கு வாயில்ல, நானும் ஒருத்தன்தானே.

"நீங்க ஏதும் சொல்றீங்களா மிஸ்?"

"இல்ல சேர்" எண்டா கொதி மிஸ்.

அந்த ரெண்டு சொல்லு என்னைச் சாகடிச்சிட்டுது. குடையால மேசையில ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நான்தான் கத்தினன். "சேர், இவ ஏசாட்டி நாங்க திருந்தியிருக்க மாட்டம்! இஞ்ச, இந்தப் புள்ளையப் பாருங்க!"

மகன் சேருட மேசையில ஏறாத குறை. "இந்த ஃபேன் ஏன் சுத்துது? அந்தப் பல்லி எங்க போகுது? ஒங்கட கண்ணாடி எனக்குத் தாறீங்களா?"

"மகன், கொஞ்ச நேரம் சும்மா இரிங்க" எண்டார் சேர்.

"இரிக்க மாட்டான் சேர்! அதுக்குத்தான் கொண்டு வந்த!"

சேர் சிரிச்சார். நல்ல மனிசன்தான். சிரிச்சுப்போட்டு, முதலே டைப் பண்ணி வச்சிருந்த முடிவை வாசிச்சார். இனிமேல் மேற்படி உத்தியோகத்தர் வீடுகளுக்குப் போகத் தேவையில்ல. காரியாலயத்தில இருந்து பெற்றோருக்கு ஒரு கையேடு எழுதணும். அன்பான, பொறுமையான நடையில.

கையேடு! அறுபது பக்கத்தில வழுவழுப்பான தாளில கையேடு வந்தால் நாங்க என்ன செய்வம்? பொலித்தீன் உறையும் கழட்டாமக் கண்ணாடி அலுமாரிக்குள்ள வைப்பம். கையேடு வந்து எங்கட கேட்டில தட்டுமா? போனைப் பறிக்குமா? அகப்பையை மூக்குக்கு நேர நீட்டுமா? வீடு வீடா வெயிலில நடந்து புள்ளைகளுக்காகக் கொதிக்கிறதுக்கு எங்கட கரையில ஒரே ஒரு மனிசி இருந்தா. அவவ ஃபேனுக்குக் கீழ இருத்திட்டாங்க. இருத்தினது நாங்கதான். இதை எத்தனை தரம் நினைச்சாலும் எனக்கு ஆறுறல்ல.

வெளிய வந்தம். பஸ் ஸ்டாண்டில வெயில் கொளுத்தினது. மிஸ்ஸும் அதே பக்கத்துப் பஸ்ஸுக்குத்தான் நிண்டா. நான் கிட்டப் போனன். என்ன சொல்றது எண்டு தெரியாமத்தான் போனன்.

அவ என்னைப் பாக்கல்ல. மகனுக்கு முன்னால குந்தி இருந்தா, அந்த ரோட்டோரப் புழுதியில, அபாயாவோட.

"மகன், வரக்குள்ள பஸ்ஸில இரிந்து என்ன கண்ட?"

மகன் சொல்லத் தொடங்கினான். களியோடைப் பாலம். பாலத்துக்குக் கீழ தண்ணி. தண்ணிக்குள்ள ஒரு எருமை. எருமைக்கு மேல வெள்ளையா ஒரு... அதுட பேர் அவனுக்கு வரல்ல. யோசிச்சான். கையை விரிச்சுக் காட்டினான். அவன்ட முகத்தையே பாத்துக்கொண்டு அவ பேசாம இருந்தா. எனக்குக் கொக்கு எண்டு சொல்ல நாக்கு நுனியில நிண்டது. நான் சொல்லல்ல.

கல்முனை பஸ் வந்தது. "கல்முனை, கல்முனை, மருதமுனை! ஏறுங்க ராத்தா, சீட் இரிக்கி!" எண்டு கொண்டக்டர் கத்தினான். அவ திரும்பாமலே கையை ஆட்டிப் போகச் சொன்னா.

"மிஸ்" எண்டன். "அந்தக் கடிதம், நான் அண்டைக்கு..."

"பொறுங்க மாஸ்டர்" எண்டா. "அவர் கதைக்கிறாரு."

அவட தோளில இருந்த பையைக் கழட்டி என்ட தோளில போட்டுக்கொண்டு, குடையை விரிச்சு ரெண்டு பேருக்கும் மேல பிடிச்சன். அடுத்த பஸ்ஸும் வந்தது. அதையும் விட்டம்.